அயலவனை மறைக்கும் திரை
தப்பபிப்பிராயம், அச்சுவார்ப்பு, பாரபட்சம்: குடும்ப வாசிப்புக்கும் குழு ஆய்வுக்கும் ஒரு பாடம்

2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து சரியாக மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் நீ அழுவாய் என்பது அதன் பொருள். வேறொருவருடன் நடந்த வாய்த்தர்க்கத்தில் எழுதப்பட்ட பதில் அது. ஆனால் கண்டவர்கள் பலர் அதனை இன்னொரு தாக்குதலின் முன்னறிவிப்பாகவே வாசித்தார்கள். கூட்டம் கூடிற்று. முஸ்லிம்களின் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கற்கள் வீசப்பட்டன. எழுதியவர் கைது செய்யப்பட்டார். ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்கும், அதற்கப்பால் மினுவாங்கொடைக்கும் பரவியது. நாத்தாண்டியாவை அடுத்த கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் தமது வேலைத்தலத்திலேயே வெட்டப்பட்டு உயிரிழந்தார். அவருக்கும் சிலாபத்தில் எழுதப்பட்ட அந்த வரிக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை.

அந்நாட்களில் நமது மக்களின் துயரம் சொல்லில் அடங்காதது. கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். பயமும் கோபமும் இயல்பானவையே. ஆயினும் ஒரு வினாவை நாம் கேட்டே ஆகவேண்டும். அந்த ஒரு வரியை வெடிகுண்டாக மாற்றியது எது? எழுதியவரின் கருத்தா, வாசித்தவர்களின் மனத்தில் ஏற்கெனவே இருந்த படமா? இவ்வினாவுக்கு விடை தேடும் கல்வியே சமூக உளவியல். அது கண்டறிந்தவற்றை நமது புத்தளக் கரையோரத்தின் அனுபவத்துடன் வைத்து நோக்குவோம்.

மூன்று சொற்கள்

முதலில் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. பலர் இவற்றை ஒன்றாகவே எண்ணுகின்றனர்.

ஒன்று, அச்சுவார்ப்பு. அச்சுக்கூடத்தில் ஒருமுறை வார்த்தெடுத்த தகட்டைக் கொண்டு ஆயிரம் பிரதிகளை ஒரே மாதிரியாக அடிக்கலாம். இந்தத் தொழிற்சொல்லை எடுத்து, நமது தலைக்குள் நாம் சுமந்து திரியும் படங்களுக்குப் பெயராக வைத்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், அது 1922இல். 'மீன்பிடிக்கிறவன் குடிகாரன்', 'வியாபாரி ஏமாற்றுக்காரன்', 'வடக்கத்தியான் தலைக்கனம் பிடித்தவன்' என்பவை அத்தகைய தகடுகள். ஆளைப் பார்க்குமுன் பிரதி தயாராகிவிடுகிறது.

இரண்டு, தப்பபிப்பிராயம். இது வெறும் எண்ணம் அல்ல. வெறுப்பும் பயமும் கலந்த தீர்ப்பு. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து, பிழையான, வளைந்து கொடுக்காத பொதுமைப்படுத்தலில் ஊன்றிய வெறுப்பு என விளக்கினார். இங்கே 'வளைந்து கொடுக்காத' என்பதே முக்கியம். பிழையாக எண்ணுவது எவருக்கும் நேரும். உண்மை தெரிந்ததும் திருந்தினால் அது வெறும் தவறு. உண்மையை எதிரே வைத்த பின்னரும் மாற மறுக்குமாயின், அது தப்பபிப்பிராயம்.

மூன்று, பாரபட்சம். இது செயல். வேலை கொடாமை, வீடு வாடகைக்குக் கொடாமை, சந்தையில் இடம் மறுத்தல், பாடசாலை அனுமதியில் தள்ளிவைத்தல் முதலியன. அச்சுவார்ப்பு தலையில் இருக்கிறது. தப்பபிப்பிராயம் நெஞ்சில் இருக்கிறது. பாரபட்சம் கையில் இருக்கிறது என்று சுருக்கமாகக் கூறலாம்.

மனம் ஏன் இவ்வாறு செய்கிறது?

தப்பபிப்பிராயம் கெட்ட மனிதரின் நோய் என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. சாதாரண மனத்தின் சாதாரண வேலையிலேயே அதன் வேர் இருக்கிறது.

மனம் எதனையும் வகைப்படுத்தியே அறிகிறது. வலையில் விழுந்த மீனைச் சாளை, சூடை, பாரை என்று பிரிக்காமல் தொழில் நடத்த முடியாது. மனிதரையும் நாம் அவ்வாறே பிரிக்கிறோம். ஆனால் மனிதரைப் பிரிக்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது: நாம் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு பிரிக்கிறோம்.

இதனை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவர் ஹென்றி தஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் தமது உற்றார் உறவினரை நாசிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாடசாலைச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1970இல் வெளியிட்டார். திரையில் தோன்றிய புள்ளிகளை எண்ணிச் சொல்லுமாறு, அல்லது இரண்டு ஓவியர்களின் படங்களில் விரும்பியதைத் தெரிவு செய்யுமாறு சிறுவர்களிடம் கேட்டார். விடைகளின்படி பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுக்களாகப் பிரித்தார். தமது குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பின்னர் பணத்துக்கு ஈடான புள்ளிகளை மற்றவர்களுக்குப் பங்கிடச் சொன்னபோது, அவர்கள் தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுமட்டுமன்று, தம் குழு பெறும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட மிகுதியாகப் பெற்றால் போதும் என்ற தெரிவையும் பலர் செய்தார்கள். சண்டையோ பழைய பகையோ இல்லை. பெயர் மாத்திரமே இருந்தது. வெறும் பெயருக்கே இவ்வளவு வலு என்றால், மொழியும் மதமும் சாதியும் இரத்தம் சிந்திய நினைவுகளும் சேரும்போது என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மனத்தின் இன்னொரு பழக்கம் நினைவு பற்றியது. 1976இல் ஹமில்டன், கிஃபர்ட் என்னும் ஆய்வாளர்கள் இரண்டு குழுக்களைப் பற்றிய சிறு செய்திகளை மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தனர். ஒன்று பெரிய குழு, மற்றது சிறியது. நல்ல செயலுக்கும் தீய செயலுக்கும் இருந்த விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் வாசித்தவர்கள் சிறிய குழுவினரே கூடுதலாகத் தீமை செய்தார்கள் என்று நினைவில் வைத்திருந்தனர். அரிதான குழுவும் அரிதான செயலும் ஒன்றாக வரும்போது மனம் அவற்றை முடிச்சுப் போட்டுவிடுகிறது. நம்மவரில் ஒருவன் களவெடுத்தால் 'அவன் ஒரு கள்ளன்' என்கிறோம். மற்றவரில் ஒருவன் எடுத்தால் 'அவங்கள் எல்லாம் அப்பிடித்தான்' என்கிறோம்.

மூன்றாவது பழக்கம், சூழ்நிலையின் விளைவைக் குணத்தின் தலையில் கட்டுவது. நமது கரையோர மீன்வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலுக்கு முன்பணம் கொடுத்தவரிடமே மீனைக் கொடுக்கவேண்டிய நிலையில் பல மீனவர் இருக்கின்றனர். கடன் கொடுத்தவர் விலையைத் தீர்மானிக்கிறார். வாங்கியவர் மனம் புழுங்குகிறார். கொடுத்தவர் முஸ்லிமாகவும் வாங்கியவர் கத்தோலிக்கராகவும் இருந்துவிட்டால், கடன்முறையின் கொடுமை மதத்தின் குணமாகப் பேசப்படுகிறது. கொடுத்தவரும் கத்தோலிக்கராக இருக்கும் கரைகளில் இதே மனப்புழுக்கம் உண்டு. அங்கே அதற்கு மதத்தின் பெயர் சூட்டப்படுவதில்லை. மறுபுறம், கடலடிப்பு நாட்களில் வருமானமின்றித் திண்டாடும் மீனவனைப் பார்த்து 'சேமிக்கத் தெரியாத சாதி' என்று சொல்லுகிறவர்கள், நாளுக்கு நாள் மாறும் அவனுடைய வருவாயைக் கணக்கில் எடுப்பதில்லை.

நமது கரையின் சாட்சியம்

தப்பபிப்பிராயம் நமக்குப் புதிதன்று. நமது முன்னோர் அதன் கசப்பை உண்டவர்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கர் என்றாலே போர்த்துக்கேயரின் ஆட்கள் என்று கருதி, குருமாரைத் துரத்திக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். அந்த நாட்களில் கோவையிலிருந்து மறைவாக வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், 1690இல் கண்டியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து பணிபுரிந்தார். 1692இல் அவர் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். கத்தோலிக்கக் குரு, ஆகவே ஒற்றர்: இதுவே அன்றைய அச்சுவார்ப்பு. அருகிருந்து அவருடைய வாழ்க்கையைப் பார்த்த பின்னரே அரசனின் மனம் மாறியது. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, நோயாளர் இன்ன மதத்தவர் என்று பாராது அவர் பணிவிடை செய்ததை வரலாறு கூறுகிறது.

அண்மைக்கால அனுபவத்தையும் மறந்துவிடவில்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, தமிழ்ப் பெயர் ஒன்றே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது. தமிழன், ஆகவே புலி என்ற தகடு எத்தனை இளைஞரை இரவோடிரவாக வீட்டிலிருந்து கொண்டுபோயிற்று என்பது நம்மிற் பல குடும்பங்களுக்குத் தெரியும்.

மேலும், நாம் மாறாதவை என்று எண்ணும் வகைகள் எவ்வளவு நெகிழ்ச்சியானவை என்பதற்கு நமது கரையே சான்று. நீர்கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரன் சிங்களத்தில் பள்ளிப்பாடம் படிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். பாடசாலையின் மொழியும் ஆலயத்தின் மொழியும் மாறியபோது, இரண்டு மூன்று தலைமுறைகளில் 'தமிழர்' என்ற வகையிலிருந்து 'சிங்களவர்' என்ற வகைக்குக் குடும்பங்கள் மாறிவிட்டன. ஒரே இரத்தம், ஒரே வலை, ஒரே ஆலயம். அப்படியிருக்க, இனக்குணம் இரத்தத்திலேயே ஊறியது என்று இந்தக் கரையில் நின்றுகொண்டு சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

'அகதி' என்ற பெயர்

நமது மாவட்டத்தில் தப்பபிப்பிராயத்தின் மிகப் பெரிய பாடம் 1990இல் தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 70,000 பேருக்கு மேல் வீடு, வயல், கடை, நகை யாவற்றையும் விட்டுப் புறப்பட்டனர். சிலர்மேல் கொண்ட சந்தேகம் ஒரு சமூகம் முழுவதன்மேலும் தண்டனையாக விழுந்தது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனியே என்ன குற்றம் என்று எவரும் கேட்கவில்லை. தமிழரின் பெயரால் இது செய்யப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களாகிய நாம் நேர்மையுடன் நினைவில் வைத்தல் வேண்டும்.

வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். உள்ளூர் மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். இந்த விருந்தோம்பல் மறக்கத்தகாதது.

ஆனால் ஆண்டுகள் சென்றன. கூலிவேலைக்கு ஆட்கள் பெருகினர். கூலி குறைந்தது என்ற முறைப்பாடு எழுந்தது. காணி, குடிநீர், பாடசாலை வகுப்பறை யாவும் நெருக்கடியாயின. மாவட்ட ஒதுக்கீட்டின்படி கிடைக்கும் பல்கலைக்கழக இடங்களை வந்தவர்களின் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறையும் வளர்ந்தது. 'அகதி' என்ற சொல் இரக்கச் சொல்லாக இருந்து, மெல்ல மெல்ல இகழ்ச்சிச் சொல்லாயிற்று. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் 'அகதிப் பிள்ளை' என்றே அழைக்கப்பட்டது.

இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். இரு சாராரும் முஸ்லிம்கள். இரு சாராரும் தமிழ் பேசுபவர்கள். மதமும் மொழியும் ஒன்றாக இருந்தும் பிளவு தோன்றிற்று. ஆகவே மதமோ மொழியோ தானாகவே பகையை உண்டாக்குவதில்லை. வேலை, நீர், காணி, கல்வி என்பவை குறையும்போது, யாருக்கு முதலில் என்ற போட்டி எழுகிறது. அந்தப் போட்டிக்கு ஒரு பெயர்ப்பலகை தேவைப்படுகிறது. கிடைக்கும் பலகை எதுவானாலும் போதும்.

வதந்தியும் பயமும்

பயந்த மனம் ஆதாரம் கேட்பதில்லை. தனது பயத்துக்குப் பொருந்தும் செய்தியைத் தேடிப் பிடிக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்ற கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. சோற்றில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் உலகில் இல்லை என்பதையும் மருத்துவர்கள் எடுத்துக்கூறினர். உண்மை நடந்து வருவதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

2019இல் நீர்கொழும்பில் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்கே பாகிஸ்தானிலிருந்து வந்து புகலிடம் கோரி வாழ்ந்த குடும்பங்கள் பல இருந்தன. குண்டுவெடிப்பின் பின்னர் அவர்கள் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டுப் பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் தஞ்சமடைந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சொந்த நாட்டிலே தீவிரவாதிகளால் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த அகமதியா பிரிவினர். கிறிஸ்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். விசுவாசத்துக்காகத் தாய்நாட்டை விட்டு வந்த கிறிஸ்தவனே, 'பாகிஸ்தானி' என்ற தகட்டின்கீழ் விரட்டப்பட்டான்.

தகட்டுக்குப் பொருந்தாத உண்மை கண்ணில் படுவதுமில்லை. மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டதை விசாரித்த பொலிஸாருக்கு உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் அதற்காகவே சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். அவ்விசாரணையின் வழியே, அதே ஆண்டு ஜனவரியில் நமது மாவட்டத்தின் வண்ணாத்திவில்லுப் பகுதித் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. தீவிரவாதிகளைப் பற்றி முஸ்லிம்களே முன்கூட்டி எச்சரித்தார்கள் என்பதும் பதிவான செய்தி. வண்ணாத்திவில்லுவில் வெடிபொருள் இருந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்தவர் யார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

பாதிக்கப்பட்டவர்கள் நீதி கேட்பது தப்பபிப்பிராயம் அன்று; அது அவர்களது உரிமை, நமது கடமை. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில், எச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறிய முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் பெயர் குறிப்பிட்டு நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இதுவே வேறுபாடு. நீதி ஆளைத் தேடுகிறது, செயலை விசாரிக்கிறது. தப்பபிப்பிராயம் ஆளைத் தேடும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. அருகில் அகப்பட்டவனைப் பிடிக்கிறது. அருகிலுள்ளவனை அடித்துத் திருப்திப்படும் சமூகம், உண்மையான குற்றவாளியைத் தேடுவதையும் கைவிட்டுவிடும் என்பதை மறத்தலாகாது.

சொல்லிலிருந்து கொலை வரை

ஓல்போர்ட் தப்பபிப்பிராயத்துக்கு ஐந்து படிகளைக் காட்டினார். முதற்படி பழித்துப் பேசுதல், இரண்டாவது ஒதுங்கிக்கொள்ளுதல், மூன்றாவது பாரபட்சம், நான்காவது தாக்குதல், ஐந்தாவது அழித்தொழித்தல். பேசுகிறவர் எல்லாரும் கல்லெறிவதில்லை. ஆனால் கல்லெறிகிறவன் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன்.

நமது மாவட்டத்திலேயே இப்படிகளைக் காணலாம். 2019இல் முஸ்லிம் கடைகளில் வாங்கவேண்டாம் என்ற பேச்சு வீடுகளில் நடந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கத்தோலிக்கர் நிறைந்த வென்னப்புவப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்ட தங்கொட்டுவை வாரச்சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக்கூடாது என்று தவிசாளர் கடிதம் எழுதினார். நீதிமன்றம் தலையிட்டு அத்தடைக்கு எதிராக உத்தரவிட்டது. இன, மத, மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. வீட்டுப் பேச்சு அலுவலகக் கடிதமாக மாறுவதற்கு எத்தனை நாட்கள் எடுத்தன என்பதை மாத்திரம் எண்ணிப் பார்ப்போம்.

பாரபட்சம் சட்டத்தின் உடையிலும் வரலாம். 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதிவரை அத்தடை நீடித்தது. அடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களே அதனால் மிகுந்த வேதனை அடைந்தனர். இறந்தோரை அடக்கம் செய்யும் நமது குடும்பங்களும் அந்த வேதனையை உணர்ந்தன. 2024 ஜூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது.

மருந்து உண்டா?

'ஒன்றாகப் பழகினால் சரியாகிவிடும்' என்று சிலர் எளிதாகச் சொல்வர். வெறும் பழக்கம் போதாது என்பதே ஓல்போர்ட்டின் கருத்து. வீட்டு வேலைக்காரியுடன் எசமாட்டி தினமும் பழகுகிறாள்; அதனால் அவள் உள்ளத்திலுள்ள சாதி எண்ணம் போய்விடுகிறதா? பழக்கம் பலன் தர நான்கு நிபந்தனைகளை அவர் வகுத்தார்: இரு சாராரும் சமநிலையில் இருத்தல்; பொதுவான குறிக்கோள் ஒன்று இருத்தல்; அதற்காகப் போட்டியின்றி ஒத்துழைத்தல்; அதிகாரத்திலும் மதிப்பிலும் உள்ளவர்கள் அதனை ஆதரித்தல். பெட்டிக்ரூ, ட்ரொப் என்னும் அறிஞர்கள் 515 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006இல் வெளியிட்ட முடிவின்படி, பழக்கம் பொதுவாகத் தப்பபிப்பிராயத்தைக் குறைக்கிறது. இந்நிபந்தனைகள் இருந்தால் மேலும் குறைக்கிறது.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து முகாமிட வைத்தார். போட்டிகள் வைத்தவுடன் பகை மூண்டது. கொடியை எரித்தார்கள், குடிலைச் சூறையாடினார்கள். ஒன்றாக உணவருந்த வைத்தபோது உணவையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பின்னர் முகாமின் குடிநீர் தடைப்பட்டது. உணவு ஏற்றிவரவேண்டிய லொறி நின்றுவிட்டது. வடம் இழுக்கும் போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை, எல்லாரும் ஒரு பக்கம் நின்று இழுத்து லொறியை நகர்த்தினார்கள். பகை தணிந்தது.

கரைவலை இழுப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்று வலை கேட்பதில்லை. தெதுறு ஓயா பெருகிச் சிலாபத்தைச் சூழும் காலத்தில் படகு கொண்டுவருகிறவன் இன்ன மதத்தவன் என்று எவரும் பார்ப்பதில்லை. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளம் மக்கள் 2018, 2019 ஆண்டுகளில் போராடியபோது, முஸ்லிம்களுடன் ஏனைய சமூகத்தவரும் தோளோடு தோள் நின்றனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குத் தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவரல்லாதோரும் வருகின்றனர். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் தோள் உரசுவதுடன் நின்றுவிட்டால் அது போதாது. தண்ணீர்ப் பந்தலையும் துப்புரவுப் பணியையும் எல்லாச் சமூக இளைஞரும் சேர்ந்து பொறுப்பேற்பார்களாயின், அங்கே ஓல்போர்ட்டின் நிபந்தனைகள் நிறைவேறும்.

நான்காவது நிபந்தனையும் வீண்பேச்சன்று. 2019 மே மாதத்தில் நீர்கொழும்பில் பதற்றம் மூண்டபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முஸ்லிம்கள்மேல் கை ஓங்கவேண்டாம் என்று கத்தோலிக்க மக்களை வெளிப்படையாக வேண்டினார். மதிப்புள்ள ஒருவர் தெளிவாகப் பேசும்போது, அமைதியை விரும்பியும் பேசத் தயங்குகிற பலருக்குத் துணிவு பிறக்கிறது.

மறைநூலின் ஒளியில்

நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமோ என்று கேட்ட நத்தனயேலின் உள்ளத்தில் இருந்ததும் ஊர்பற்றிய ஓர் அச்சுவார்ப்பே. பிலிப்பு அவனோடு வாதாடவில்லை, வந்து பார்க்குமாறு மாத்திரம் அழைத்தான் (அரு. 1). கொர்னேலியுவின் வீட்டு வாசலைக் கடக்கும் வரை, கடவுள் ஆள் பார்த்துச் செயற்படுவதில்லை என்ற உண்மை இராயப்பருக்கே முற்றாகப் புலப்படவில்லை (அப். பணி 10). நல்ல சமாரியனின் உவமையில், அயலான் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் தெரிந்தெடுத்த எடுத்துக்காட்டு, கேட்டவர்கள் வெறுத்த இனத்தைச் சேர்ந்தவன்.

1965 ஒக்டோபர் 28ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவமல்லாத மதங்கள் பற்றிய அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும், கடந்தகாலப் பகைகளை விட்டுச் சமூக நீதிக்காக இணைந்து உழைக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. குண்டு வெடித்தபின் இந்த அழைப்பு காலாவதியாகிவிடவில்லை. இனிமேல்தான் அதற்கு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

குடும்பங்களில் செய்யத்தக்கவை

பிள்ளைகள் தப்பபிப்பிராயத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பழகுகிறார்கள். ஆகவே:

1. 'அவங்கள் எல்லாம்' என்று தொடங்கும் வாக்கியத்தை வீட்டில் நிறுத்துவோம். குறை சொல்ல நேர்ந்தால் ஆளையும் செயலையும் மாத்திரம் சொல்வோம்.

2. கைத்தொலைபேசியில் வரும் செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேட்போம்: யார் சொன்னது, எப்போது நடந்தது, எனக்கு நேரில் தெரிந்தவர் எவராவது கண்டாரா? விடையில்லையெனில் அது நம்மோடு நிற்கட்டும்.

3. வேற்றுச் சமூகத்துக் குடும்பம் ஒன்றோடேனும் சமநிலையான உறவை வளர்ப்போம். நத்தாருக்குப் பலகாரம் அனுப்புவதுடன் நில்லாமல், நோயிலும் சாவிலும் அவர்கள் வீட்டு வாசலை மிதிப்போம்.

4. நம்மிடையே உள்ள சாதிப் பேச்சையும், 'வந்தான் வரத்தான்' பேச்சையும் இதே அளவுகோலால் அளப்போம். மற்றவரின் தப்பபிப்பிராயத்தைக் கண்டிக்கும் வாய்க்கு அதுவே முதற் சோதனை.

கலந்துரையாடலுக்கு

அ) நமது பங்கில் மற்றச் சமூகத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் ஓர் அச்சுவார்ப்பு எது? அது எங்கிருந்து வந்தது? அதற்குப் பொருந்தாத எத்தனை பேரை நாம் நேரில் அறிவோம்?

ஆ) 'தமிழர்', 'கத்தோலிக்கர்', 'மீனவர்' என்ற காரணத்தால் நாம் பாரபட்சத்துக்கு ஆளான வேளை எது? அப்போது நமக்காகப் பேசியவர் யார்?

இ) நமது ஊரில் எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து செய்தாலன்றி முடியாத வேலை ஒன்று எது? அதனைத் தொடங்க யாரை முதலில் சந்திக்கவேண்டும்?